அழுத்தினா லேட்டாத்தான் சுடுது

மார்ச் 4

வாலுக்கு,

அண்ணன் எழுதறேன். நானும் உன் அண்ணியும் நல்லா இருக்கோம். நீ நல்லா இருக்கியா, வேளாவேளைக்குச் சாப்பிடறியான்னு கேக்கச் சொல்லி அண்ணி பக்கத்துல நின்னு மிரட்டறா. கேட்டாச்சு.

போன்ல சொல்ல வேண்டியதை எதுக்கு பேப்பர்ல எழுதறேன்னு உனக்குத் தெரியும். போன தடவை போனை முதல்ல வெச்சது நீயா நானான்னு இன்னும் தீர்ப்பு வரல. "இனிமே அண்ணனும் தங்கச்சியும் போன்ல பேசவே கூடாது. எழுதுங்க. எழுதி முடிக்கறதுக்குள்ள கோபம் ஆறிடும்"னு அண்ணி சட்டம் போட்டுட்டா. மெசேஜும் கூடாதாம். அதுல இன்னும் வேகமா அடிச்சுக்கறோமாம். ஸ்டாம்ப்பெல்லாம் அவளே வாங்கி வெச்சிருக்கா.

விஷயம் நம்ம கம்ப்யூட்டர். நீயும் நானும் தரையில பெட்ஷீட் விரிச்சு ஒவ்வொரு பார்ட்டா மாட்டினோமே, அதே கிழம்தான். பத்து வருஷம் ஓடிடுச்சு. நடுவுல கிராபிக்ஸ் கார்டு மட்டும் நீ மாத்திக் கொடுத்தே. இப்போ மானம் போகுது. ஷிப்ட் முடிஞ்சு வந்து நாலு பேரும் சேர்ந்து ஆடறோம். எதிரி தலை தெரியுது, நான் அழுத்தறேன், அழுத்தினா லேட்டாத்தான் சுடுது. அதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுட்டுப் போயிடறான். கழுகுன்னு எனக்குப் பேர் வெச்ச அதே பசங்க இப்போ கோழிங்கறானுங்க. அதுலயும் நம்ம சிக்னல்காரன் இருக்கானே, பகல்ல என் கிரேனுக்குக் கீழே நின்னு "மெதுவா இறக்குங்க"ன்னு மரியாதையா ரேடியோவுல சொல்றவன், ஆட்டத்துல உக்காந்துட்டா "தலைவரே, உங்க கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய இரும்பு வாங்கற ஆக்கர்காரனுக்குப் போடுங்க"ங்கறான்.

ப்ராசஸர் மாத்தணுமா, இல்ல மொத்தமா கை கழுவணுமா? நீதான் சொல்லணும். உன் வாயைத் தவிர மத்ததெல்லாம் நம்பிக்கையானது.

உன் நலம் பத்திப் பதில் போடு.

அண்ணன்

*

மார்ச் 17

கழுகு அண்ணாவுக்கு (கோழின்னு எழுத இன்னும் மனசு வரல),

நல்லா இருக்கேன். சாப்பிடறேன். காலையில கடை ஷட்டரைத் தூக்கினா சாயங்காலம் வரைக்கும் ஊர்ல இருக்கற கம்ப்யூட்டர் தூசியெல்லாம் என் மூக்குலதான். அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கு? எழுதச் சொன்னதுக்கு அவங்களுக்கு ஒரு நன்றி. போனை முதல்ல வெச்சது நீதான்.

நீ சொல்றதை வெச்சே, பெட்டியைப் பார்க்காமலே சொல்லிடலாம், ப்ராசஸர்தான். புது ஆட்டமெல்லாம் அதுகிட்ட கேக்கற வேலை அப்படி. கார்டு வாட்டசாட்டமா நிக்குது, ஆனா அதுக்கு வேலை எடுத்துக் கொடுக்கற ஆள் கிழவன்.

மொத்தமா மாத்தறதுன்னா மதர்போர்டு, மெமரி எல்லாம் போகும். சைக்கிளுக்கு டயர் வாங்கப் போய் கார் வாங்கிட்டு வந்த கதையாயிடும். அது வேண்டாம். நம்ம போர்டுலயே உக்கார்ற கடைசி ப்ராசஸர் ஒண்ணு இருக்கு. இப்போ புதுசு கிடைக்காது, பழசு தேடிப் பிடிக்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணு. ஆட்டத்துல செட்டிங்ஸ்ல போய் மூலையில நம்பர் காட்டற மாதிரி வெச்சுக்கோ. ப்ராசஸர் எத்தனை சதவீதம் வேலை செய்யுது, எவ்வளவு சூடு, ஒரு நொடிக்கு எத்தனை படம் வருது. மூணையும் எழுதி அனுப்பு. நம்பர் இல்லாம நான் பார்ட் வாங்கச் சொன்னதா சரித்திரம் கிடையாது.

உடம்பைப் பார்த்துக்கோ.

வாலு

*

ஏப்ரல் 2

வாலுக்கு,

சௌக்கியம். அண்ணி முழங்கால் பரவாயில்லை. எனக்குத்தான் வலது தோள் ஒரு மாதிரி இறுகிப் போய்க் கிடக்கு. எல்லாம் இந்த ஓட்டை நாற்காலியால வந்த வினை. அண்ணி தைலம் போட்டு விடறா, திட்டிக்கிட்டே.

நம்பர் எடுத்துட்டேன். ப்ராசஸர் நூறு சதவீதம். சூடு தொண்ணூத்தி நாலு டிகிரி. படம் நாப்பதுக்கும் எழுபதுக்கும் நடுவுல குதியாட்டம் போடுது. பார்த்தியா? பார்த்தியா நான் சொன்னதை? எனக்கு அதைப் பார்த்ததும் எவ்வளவு நிம்மதி தெரியுமா! சிக்னல்காரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அட, ஆமா தலைவரே, பெட்டிதான் கொதிக்குது"ன்னு ஒத்துக்கிட்டான்.

சீக்கிரம் அந்தப் பழசைத் தேடிப் பிடி.

அண்ணன்

*

ஏப்ரல் 13

அண்ணாவுக்கு,

நான் நலம். தோள் வலிக்குத் தைலத்தோட நிறுத்திடாதே, ஒரு டாக்டர்கிட்ட காட்டு. நாற்காலி மேல பழி போடறதுக்கு முன்னாடி, நாற்காலி எத்தனை வருஷமா உன்னைத் தாங்குதுன்னும் யோசிச்சுப் பாரு.

தொண்ணூத்தி நாலா! அது ப்ராசஸரா, அடுப்பா? இப்போதைக்கு எதுவும் வாங்காதே. அவ்வளவு சூடானா எந்த ப்ராசஸரும் தானே வேகத்தைக் குறைச்சுக்கும், இல்லேன்னா வெந்துடும். நீ கடைசியா தூசி தட்டினது எப்போ? பதில் வேண்டாம், எனக்கே தெரியும். பெட்டியைத் திற. ஃபேனைக் கழட்டி பிரஷ் போடு. ப்ராசஸருக்கும் அது மேல உக்காந்திருக்கற உலோகக் கட்டைக்கும் நடுவுல ஒரு பசை இருக்கும், காஞ்சு பொருக்குத் தட்டிப் போயிருக்கும். துடைச்சுட்டு புதுசா ஒரு பொட்டு வெச்சு மூடு. பசை டியூப் இத்தோட வெச்சிருக்கேன். அப்புறம் நம்பர் எடு. முக்கால்வாசி இதுலயே சரியாயிடும்.

அண்ணிக்கு என் அன்பு.

வாலு

*

மே 5

வாலுக்கு,

நாங்க ரெண்டு பேரும் நலம். நீயும் அப்படியேன்னு நம்பறேன்.

பெட்டியைத் திறந்தா உள்ளே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு. எல்லாம் எடுத்தாச்சு, பசை வெச்சாச்சு. அந்தத் துக்கடா ஸ்க்ரூதான் என் கையில நிக்கவே மாட்டேங்குது, நாலு தடவை கீழே விழுந்து உருண்டுடுச்சு. கடைசியில அண்ணிதான் போட்டா. இத்தனை சின்னதா எவன் பண்ணச் சொன்னான்?

இப்போ சூடு அறுபத்தி ஒண்ணு. ப்ராசஸர் எழுபது சதவீதம். படம் தொண்ணூறுல அசையாம நிக்குது.

ஆனா சரியாகலடி. நான் அழுத்தறது ஒரு நேரம், அது சுடறது ஒரு நேரம். மவுஸ் புதுசு வாங்கிட்டேன், கேபிள் மாத்திட்டேன். அதேதான். ஆக, ப்ராசஸர்தான். நீ முதல்ல சொன்னதுதான் சரி, அப்புறம்தான் குழப்பிட்டே. செப்டம்பர்ல எனக்கு கம்பெனியில வருஷாந்திர மெடிக்கல் செக்கப் இருக்கு. அதுக்குள்ள இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தை முடிச்சுடணும்.

நேரமே சரியில்லை போல. வேலையிலயும் இதே பாடுதான். கேபின்ல வலது பக்க லீவர் தேய்ஞ்சு போயிருக்கு. நிறுத்தினா உடனே நிக்க மாட்டேங்குது, தூக்கின கன்டெய்னர் பெட்டி ஒரு சாண் கூடப் போய்த்தான் நிக்குது. மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கேன்.

ப்ராசஸர் நம்பரை எழுதி அனுப்பு. இங்கேயே தேடிக்கறேன்.

அண்ணன்

*

மே 16

அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமான்னு இந்தத் தடவை பேச்சுக்காகக் கேக்கல. நிஜமாவே கேக்கறேன்.

அந்த நம்பர் சரியா இருக்கு. சூடு சரி, படம் சரி, ப்ராசஸர் கையில இன்னும் முப்பது சதவீதம் மிச்சம் வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருக்கு. என் கடைக்கு ஒருத்தர் இந்த நம்பரோட வந்தா, "பெட்டி நல்லா இருக்கு, எடுத்துட்டுப் போங்க"ன்னு அனுப்பிடுவேன். சில சமயம் ரெண்டு கோளாறு ஒண்ணா வந்து நிக்கும். பெரிசா தெரியற ஒண்ணைச் சரி பண்ணிட்டு, முடிஞ்சுதுன்னு நினைச்சுக்குவோம். சூடு ஒரு கோளாறு. அது போச்சு. இன்னொண்ணு எங்கே இருக்குன்னு எனக்குத் தெரியணும்.

ரெண்டே கேள்வி. சிக்னல்காரரைக் கூப்பிட்டு உன் நாற்காலியில உக்கார வெச்சு, உன் மவுஸ்லயே ஆடச் சொல்லு. அவருக்கும் லேட்டா சுடுதா? இன்னொண்ணு, அதே கிரேன்ல அடுத்த ஷிப்டுக்கு ஏறறவர் அந்த லீவரைப் பத்திப் புகார் சொன்னாரா?

கம்ப்யூட்டருக்கும் மெடிக்கலுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கல. நீதான் ரெண்டையும் கோர்த்து எழுதியிருக்கே.

உடனே பதில் போடு.

வாலு

*

ஜூன் 9

வாலுக்கு,

நலம். மழை வரும் போல இருக்கு. அண்ணி முழங்காலுக்கு பட்டை கட்டறா. வீட்டுக்கு வெள்ளை அடிச்சோம். சமையலறைக்கு மட்டும் அண்ணி மஞ்சள் கேட்டா, அடிச்சாச்சு.

ப்ராசஸர் நம்பர் கேட்டிருந்தேன். நீ அனுப்பல. மறந்திருப்பே. அனுப்பு.

அண்ணன்

*

ஜூன் 19

அண்ணாவுக்கு,

மழை வந்துச்சான்னு கேக்கப் போறதில்லை. சமையலறை மஞ்சளாவே இருந்துட்டுப் போகட்டும்.

நான் கேட்ட ரெண்டு கேள்விக்கும் பதில் இல்லை. நீ மென்னு முழுங்கறே. நான் உடைச்சே சொல்றேன், கோபம் வந்தா வரட்டும். நடுவுல போஸ்ட்மேன் இருக்கார், நீ என்னைக் கடிச்சுக் குதற முடியாது.

உன் கடிதங்களை டேபிள்ல வரிசையா வெச்சுப் பார்த்தேன். அதே பேப்பர், அதே பேனா. மார்ச்ல எழுத்து ஒவ்வொண்ணும் குண்டு குண்டா இருக்கு. இப்போ ஒவ்வொரு வரியும் பெரிசா ஆரம்பிச்சு போகப் போக எறும்பு ஊர்ற மாதிரி ஆகுது. கடைசி "அண்ணன்"ஐ கண்ணைச் சுருக்கித்தான் படிச்சேன். ஸ்க்ரூ கையில நிக்கல. தோள் இறுகிப் போச்சு. அழுத்தினா லேட்டு. இது எல்லாத்துக்கும் நடுவுல ப்ராசஸர் எங்கேடா வருது?

எங்க எதிர்க் கட்டடத்து டாக்டரம்மா லேப்டாப் வாங்க வந்தப்போ கேட்டேன். உன் பேர் சொல்லல. "ஆளைப் பார்க்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா தள்ளிப் போடாதீங்க. நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னாங்க. அவங்க சிரிக்காம சொன்னாங்க.

ஆட்டத்துல லேட்டானா நீ சாகறே, மறுபடி எழுந்து ஓடறே. அங்கே உன் கைக்குக் கீழே ஆள் நிக்கறான் அண்ணா. உன்னை "தலைவரே"ன்னு கூப்பிடறவன் நிக்கறான். டாக்டர் பார்க்கற வரைக்கும் மேலே ஏறாதே. லீவு போடு. என்னைத் திட்டிக்கிட்டே போடு.

உனக்கு ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சா, நான் வந்து உன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கறேன். கூட்டத்துக்கு நடுவுல.

வாலு

*

ஆகஸ்ட் 6

அன்பான வாலுக்கு,

அண்ணி எழுதறேன்மா. நான் நல்லா இருக்கேன். உன் உடம்பு எப்படி? ஜூன்ல நீ போட்ட லெட்டருக்கு இன்னும் பதில் வரலேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருப்பே. அது வந்த அன்னிக்கே உன் அண்ணன் படிச்சுட்டு நாலா மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டார். எனக்குக் காட்டல. தினம் பை மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டு இருந்திருக்கார் போல, போன வாரம் துணி துவைக்கும்போதுதான் கிடைச்சுது. படிச்சுட்டு பாத்ரூம்லயே உக்காந்துட்டேன்.

மே மாசம் நீ கேட்ட முதல் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். மே மாசக் கடைசியிலயே சிக்னல்காரர் வந்து அந்தக் கம்ப்யூட்டர்ல ஆடினார். அவருக்கு ஒரு லேட்டும் இல்லை. பட்டு பட்டுன்னு சுட்டுக்கிட்டே போனார். "தலைவரே, பெட்டி பறக்குதே!"ன்னார். இவர் சிரிச்சுக்கிட்டே நின்னார். அவர் போனதும் கம்ப்யூட்டரை மூடிட்டு, சாப்பிடாம படுத்துட்டார். அதுக்கப்புறம்தான் உனக்கு மழை பத்தியும் வெள்ளை அடிச்சது பத்தியும் எழுதியிருக்கார்.

நானும் கொஞ்ச நாளா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன்மா. நடக்கும்போது வலது கை ஆடறதே இல்லை. யாராவது பார்த்தா பேன்ட் பையில விட்டுக்கறார். சட்டைப் பட்டன் போட நேரமாகுதுன்னு பட்டனே இல்லாத பனியனா வாங்கிக்கிட்டார். கேட்டா, "வயசாகலையா எனக்கு"ன்னு எரிஞ்சு விழறார். நாப்பத்தி ஒம்பது ஒரு வயசா?

இப்போ நடந்ததைச் சொல்றேன், பதறாதே, யாருக்கும் அடி இல்லை. ஜூலைக் கடைசியில ஒரு கன்டெய்னரை லாரி மேல இறக்கிக்கிட்டு இருந்திருக்கார். சிக்னல்காரர் கையைத் தூக்கி நிறுத்துன்னு காட்டியிருக்கார், ரேடியோவுலயும் சொல்லியிருக்கார். பெட்டி நிக்கல. இடிச்சு லாரியோட கேபின் ஒரு பக்கம் நசுங்கிடுச்சு. டிரைவர் அப்போதான் தண்ணி குடிக்க இறங்கியிருந்தாராம்.

விசாரணை வெச்சாங்க. மே மாசமே லீவர் சரியில்லேன்னு இவர் எழுதிக் கொடுத்தது ஆபீஸ்ல இருக்கு. அதனால இவர் மேல தப்பே இல்லை, முன்கூட்டியே எச்சரிச்ச பொறுப்பான ஆளுன்னு பாராட்டே வந்துடுச்சு. லீவர் பார்க்கற மெக்கானிக்கை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. "நான் ரெண்டு தடவை செக் பண்ணேன், லீவர் நல்லாத்தான் இருந்துச்சு"ன்னு அந்த மனுஷன் சொல்லியிருக்கார். யாரும் காதுல வாங்கல. புது லீவர் போட்டுட்டாங்க.

உன் அண்ணன் இப்போ புது லீவரோட தினம் மேலே ஏறறார். நான் கையைப் பிடிச்சுக் கேட்டேன், கெஞ்சினேன். "ப்ராசஸரை மாத்திட்டுப் பார்க்கலாம்"னு அதையே சொல்றார். கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்றார்மா. எனக்குப் பயமா இருக்கு. அவருக்கும் பயமா இருக்கு, அது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல விட மாட்டேங்கறார்.

நீ என்ன செய்வியோ, சீக்கிரம் செய்.

அண்ணி

*

ஆகஸ்ட் 14

அண்ணாவுக்கு,

அண்ணி எழுதினாங்க. எல்லாம் தெரியும். அவங்க மேல பாயாதே.

இந்தக் கடிதத்தோட வர்ற டப்பாவுல நீ கேட்ட ப்ராசஸர் இருக்கு. நல்ல நிலையில இருக்கற பழசு. என் கடை டேபிள்ல ரெண்டு நாள் ஓட விட்டு, நூறு சதவீதம் போட்டு வாட்டி எடுத்துட்டேன். இதுல ஒரு குறையும் கிடையாது, என் வேலை மேல சத்தியமா சொல்றேன். உன் போர்டு இதை அடையாளம் தெரிஞ்சுக்க, முதல்ல அதுக்குள்ள இருக்கற பயாஸ்ங்கற சாப்ட்வேரை அப்டேட் பண்ணணும். பென்டிரைவ் உள்ளே இருக்கு, எப்படிப் பண்ணணும்னு தனித்தாள்ல எழுதியிருக்கேன். நடுவுல கரன்ட் போச்சுன்னா போர்டு காலி, அதனால நிதானமா பண்ணு. ஸ்க்ரூவை அண்ணி போடட்டும்.

இது உனக்கு வேணுமான்னு கேட்டா, வேண்டாம். மூணு மாசமா வேண்டாம்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்புறம் எதுக்கு அனுப்பறேன்? இது இல்லாத வரைக்கும் நீ இதையே சொல்லிக்கிட்டு மேலே ஏறிக்கிட்டு இருப்பே. மாத்து. மாத்திட்டு உக்காரு. அப்பவும் லேட்டானா, மாத்தறதுக்கு அந்தப் பெட்டியில வேற எதுவும் மிச்சம் இல்லை.

மாட்டி முடிக்கற வரைக்கும் லீவு. இதுல பேரம் கிடையாது. உன் ஆபீசுக்கு ஒரு கடிதம் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? மேனேஜர் அட்ரஸ் வரைக்கும் எடுத்து வெச்சிருக்கேன். போட மாட்டேன். நீ போய்ச் சொல்லணும். உன் வாயால சொல்லணும். அங்கே ஒருத்தர் நல்லா இருந்த லீவருக்காக வீட்டுல உக்காந்திருக்கார். ஆனா செப்டம்பர் பத்தாம் தேதிக்குள்ள நீ சொல்லலேன்னா, நான் போஸ்ட் பண்ணிடுவேன். அதுக்கப்புறம் நீ ஆயுசுக்கும் என்கிட்ட பேச வேண்டாம். பரவாயில்லை. யாரையாவது நசுக்கிட்டு நீ என்கிட்ட பேசறதுக்கு, நீ பேசாமலே இருக்கலாம்.

இதை எழுதும்போது அழுதுட்டேன். அதனால நாலு எழுத்து கலைஞ்சிருக்கு, அதையும் ப்ராசஸர் மேல போட்டுடாதே.

வாலு

*

ஆகஸ்ட் 25

வாலு,

பார்சல் கிடைச்சுது. லீவு சொல்லிட்டேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 21

வாலுக்கு,

எழுதறது உன் அண்ணி, சொல்றது நான். என் கையெழுத்தைப் படிக்க இனிமே பூதக்கண்ணாடி வாங்கணும், அந்தச் செலவு உனக்கு வேண்டாம். ரெண்டு பேரும் நல்லா இருக்கோம்னு சொல்லித்தானே ஆரம்பிக்கணும். அவ நல்லா இருக்கா. நான் இருக்கேன்.

நீ எதுக்கு அனுப்பியிருக்கேன்னு டப்பாவைப் பிரிக்கும்போதே புரிஞ்சுடுச்சு. அதனாலதான் நாலஞ்சு நாள் தொடவே இல்லை. டேபிள் மேல வெச்சுட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அது அப்படியே டப்பாவுல இருந்துட்டா நல்லா இருக்கும்னு தோணுச்சு. (தினம் ரெண்டு தடவை இடத்தை மாத்தி மாத்தி வெச்சார். - அண்ணி)

அப்புறம் மாட்டினோம். பயாஸ் ஏறும்போது கரன்ட் போயிடக் கூடாதேன்னு ரெண்டு பேரும் விளக்கையே பார்த்துக்கிட்டு இருந்தோம். உள்ளே உக்காந்துச்சு, உயிர் வந்துச்சு. நம்பர் எடுத்தேன். சூடு அம்பத்தி எட்டு, ப்ராசஸர் நாப்பது சதவீதம், படம் நூத்தி அறுபது. நீ கை வெச்ச வேலை, குறை சொல்ல வாயே வராது. ஆடினேன். அடுத்த நாளும் ஆடினேன். பயிற்சி மைதானம்னு ஒண்ணு இருக்கு அந்த ஆட்டத்துல, விளக்கு பச்சையானதும் அழுத்தணும், எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டேன்னு அதுவே காட்டும். அதுல உன் அண்ணியை உக்கார வெச்சேன். ஜென்மத்துல மவுஸைச் சண்டைக்குப் பிடிச்சதில்லை அவ. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, "இதுவா, இதை அழுத்தணுமா?"ன்னு கேட்டுக்கிட்டே அழுத்தினா. நான் எடுத்துக்கற நேரத்துல பாதிதான் அவளுக்கு.

அவ என்னைத் திரும்பிப் பார்க்கல. திரையையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான்தான், "நாளைக்கு ஆபீஸ் போகணும், சட்டை எடுத்து வை. பட்டன் சட்டையே எடு, நீ போட்டு விடு"ன்னேன். (ரெண்டு பட்டனை மாத்திப் போட்டுட்டேன். - அண்ணி)

ஒம்பதாம் தேதி போய்ச் சொல்லிட்டேன். உன் கெடுவுக்கு ஒரு நாள் முன்னாடி. நீ மிரட்டினதால போகலேன்னு நீ நம்பணும்னு அவசியம் இல்லை. "லீவர்ல ஒண்ணும் இல்லை சார், என் கையிலதான்"னேன். மேனேஜர் முதல்ல புரிஞ்சுக்கல, லீவர் கைப்பிடியைச் சொல்றேன்னு நினைச்சார். மறுபடி சொல்ல வேண்டியதாப் போச்சு. ரெண்டாவது தடவைதான் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. மெக்கானிக்கை அன்னிக்கே வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க. நான் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுஷன் கதவை மட்டும் சாத்தாம நின்னார்.

நரம்பு டாக்டர் என்னை நடக்க விட்டார், விரலைத் தட்ட விட்டார், எழுத விட்டார். நரம்பு வியாதி ஒண்ணோட பேரைச் சொன்னார், கை கால் அசைவை இறுக்கி மெதுவாக்கறதாம். நீ பயந்த மாதிரியேதான். மருந்து இருக்கு, நல்லா இருக்கலாம், பல வருஷம் வேலை செய்யலாம், ஆனா கிரேன் மட்டும் வேண்டாம்னார். இருபத்தி மூணு வருஷம்டி. வலது கையை எங்கே வைக்கறதுன்னே இப்போ தெரியல.

கீழே யார்டுல வேலை போட்டுக் கொடுத்திருக்காங்க. பெட்டி நம்பர் சரியா இருக்கான்னு பார்த்து லாரியை அனுப்பணும். நேத்துதான் முதல் நாள். ஹெல்மெட் போட்டுக்கிட்டு சிக்னல்காரன் பக்கத்துல நின்னேன். இத்தனை வருஷத்துல அந்த இடத்துல நான் நின்னதே இல்லை. மேலே இருந்து பார்த்தா ஹெல்மெட்டெல்லாம் பொட்டு பொட்டாத்தான் தெரியும். தலைக்கு மேல ஒரு கன்டெய்னர் வந்துச்சு, அடிப்பக்கம் துரு, தண்ணி சொட்டிக்கிட்டே. வானமே மறைஞ்சு போச்சு. சிக்னல்காரன் அண்ணாந்து கூடப் பார்க்கல, ரேடியோவுல பேசிக்கிட்டே கையைத் தூக்கினான். பெட்டி நின்னுடுச்சு. அவன் கை நின்ன அதே நொடியில, அதுக்கு மேல ஒரு விரல் அளவுகூட இறங்கல.

"உனக்குப் பயமே இல்லையாடா?"ன்னு கேட்டேன். "மேலே ஆள் இருக்கும்போது என்ன பயம் தலைவரே"ன்னான். என்னைக் கிண்டல் பண்ணலடி. நிஜமாவே அப்படித்தான் நின்னிருக்கான், இந்த ஆறு மாசமும், எனக்குக் கீழே.

நான் கழிவறைப் பக்கம் போயிட்டேன். மேலே இருக்கறது நான் இல்லைன்னு நினைச்சப்போ அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்.

(அழுததை எழுதாதேன்னு சொன்னார். எழுதிட்டேன். - அண்ணி)

அண்ணன்